பத்து ஓவர் குறைந்தபோது

சோப்புத் தொழிற்சாலையின் கிரிக்கெட் அணியில் அவருக்குப் ‘பொறுமை’ என்று பட்டப்பெயர். முதல் ஆளாக இறங்குவார். பதினைந்து ஓவர் வரைக்கும் பந்தைத் தடுப்பதும் விடுவதுமாக நிற்பார். வேகமாக வீசுகிறவர்கள் களைத்து ஒதுங்கிய பிறகுதான் மட்டையை ஓங்குவார். ஐம்பது ஓவர் ஆட்டத்தில் அதற்கெல்லாம் இடமிருந்தது. “என்ன நிதானம்” என்று தொழிற்சாலையே மெச்சியது.

நிதானமாவது மண்ணாங்கட்டியாவது. மனிதருக்குப் பயம். பள்ளி நாளில் ஒரு பந்து தாடையைப் பெயர்த்ததிலிருந்து, தூரத்திலிருந்து ஒருவன் ஓடி வருவதைக் கண்டாலே உள்ளங்கை வியர்த்துவிடும். ஹெல்மெட் போட்டும் பயன் இல்லை. அதைப் பொறுமை என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டது அவர் செய்த புண்ணியம். அணித்தலைவரோ அவர் மனைவியின் அண்ணன். ஊரெல்லாம் மாப்பிள்ளை புகழ் பாடுகிறவர். விஷயம் தெரிந்தால் எந்த முகத்தோடு அந்த வீட்டுப் படி ஏறுவது?

இந்த ஆண்டு ஆட்டத்தை நாற்பது ஓவராகக் குறைத்துவிட்டார்கள். அவர் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த கிடங்குக்கே வந்து மச்சான் சேதி சொன்னார்.

“மாப்பிள்ளை, இனிமே தட்டிக்கிட்டு நிக்க நேரமில்ல. மொத பந்துலயே அடிச்சாகணும்.”

“நான் வேணா அஞ்சாவதா இறங்கட்டுமா மச்சான்?”

“நல்லா இருக்கே. உங்கள விட்டா அந்த வேகத்துக்கு முன்னால நிக்க யாரு இருக்கா?”

அவர் அடுக்கி முடித்த பெட்டிகளையே இறக்கி மறுபடி அடுக்கத் தொடங்கினார்.

ஆட்டத்தன்று கால் பேடின் வாரை இரண்டு முறை தப்பாக மாட்டினார். எதிரணியின் நெட்டையன் ஓடி வந்தபோது ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. அவுட்டாகிவிட்டால் வெளியே போய்விடலாம். கண்ணை இறுக மூடி மட்டையைச் சுழற்றினார். பாழாய்ப்போன பந்து வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. அன்றைக்கு அவுட்டாகக்கூட அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அணி ஜெயித்துவிட்டது.

“இவ்வளவு தைரியத்த எங்க மாப்பிள்ளை ஒளிச்சு வச்சிருந்தீங்க?” என்று மச்சான் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஆட்டம் பார்க்க வந்திருந்த மனைவி, வீட்டுக்கு நடக்கையில் மெதுவாகக் கேட்டாள்.

“கண்ண மூடிக்கிட்டுதானே அடிச்சீங்க?”

அவர் நின்றுவிட்டார். “உனக்கு எப்படித் தெரியும்?”

“கல்யாணமான புதுசுலயே தெரியும். மேட்சுக்கு மொத நாள் நீங்க சாப்பிடறதே இல்லையே. அண்ணன்கிட்ட நான் மூச்சு விடல.”

“அடுத்த வாரமும் இதே மாதிரி அடிக்கணுமாம்.”

“முடியாதுன்னு சொல்லிடுங்களேன்.”

“இன்னிக்கு இப்படி அடிச்சுட்டு எப்படிச் சொல்றது? முன்னாடியாவது பயம் தெளியிற வரைக்கும் நிக்க விட்டாங்க. இப்ப அதுக்கும் நேரம் இல்லன்னுட்டாங்க.”

அவள் அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். நடுத்தெரு என்றும் பாராமல் அவர் அழுதுவிட்டார்.