சூசையண்ணனைக் கரையில் நிறுத்திய வாக்கு

துறைமுக வாசலில் வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு நுழைவுச் சீட்டு கிழித்துக்கொண்டிருந்தேன். நேற்றுக் காலை அப்போதுதான் சூசையண்ணனின் மகள் போன் செய்தாள். "அப்பா எழும்பல்ல அண்ணே. உறக்கத்துலயே போயிட்டாவ."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சூசையண்ணன் விசைப்படகு ஓட்டியவர். முன்கோபக்காரர். கடலில் இருந்தால்தான் அவருக்குப் பசிக்கும். அப்படிப்பட்டவர் கடைசி வருடங்கள் முழுவதும் கரையிலேயே அடைபட்டுக் கிடந்தார்.

ஒருமுறை படகோட்டும்போதே மயங்கி விழுந்துவிட்டார். அவர் மனைவி திரேசா அக்கா அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் படகு முதலாளிகளைக் கோயில் வாசலில் மறித்து, சிலுவை தொட்டுச் சத்தியம் செய்யவைத்தார். "இவிய கேட்டாலும் அழுதாலும் படகுல ஏத்தப்பிடாது." கொஞ்ச நாளில் அக்கா மனம் இளகும் என்று எல்லோரும் நினைத்தோம். அதற்குள் அக்கா காய்ச்சலில் இறந்துபோனார்.

அண்ணனுக்கு உடம்பு தேறிவிட்டது. டாக்டரே போகலாம் என்றார். முதலாளிகள்தான் அசையவில்லை. சத்தியத்தை நீக்கித் தரச் சொல்லி அண்ணன் பங்குச் சாமியாரிடம் போய் நின்றார். "வாக்கு வாங்கினது திரேசா. அவங்கதானே விட்டுத் தரணும்" என்று அவரும் கைவிரித்துவிட்டார்.

"வேற ஊர்ல போயி ஏறுங்களேன்" என்றேன் நான்.

"ஏலே மக்கா, அவ நிம்மதியா கண்ண மூடினதே அந்த வாக்க நம்பித்தான். ஊரு மாறிப் போனா மட்டும் அது இல்லன்னு ஆயிருமா?"

எனக்கு அக்காமீதுகூடக் கோபம் வந்தது.

அண்ணன் தினமும் துறைமுகத்துக்கு வருவார். வருகிறவர்களுக்கு வலை, ஐஸ் அறை, ஏலம் எல்லாம் காட்டுவார். மயிலாடியிலிருந்து வந்த சிற்பி ஒருவர், "நீங்க எப்ப கடலுக்குப் போவீங்க?" என்று கேட்டுவிட்டார். அண்ணன் நேரே என்னிடம் வந்து, "இப்பிடிக் கேக்கவனுக்கெல்லாம் டிக்கெட்டு குடுக்காத" என்று சீறினார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

படகுகள் கிளம்பும்போது கட்டுக்கயிற்றை அவிழ்த்து எறிவது அவர்தான். கடைசிப் படகும் அலைத்தடுப்பைத் தாண்டும்வரை அப்படியே நிற்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இருந்ததில்லை.

இன்று அடக்கம். ஊரில் சாவு கிடக்கும்போது எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. கோட்டாற்றிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த ஒரு குடும்பம் ஏமாற்றத்தோடு கேட்டது: "என்ன, ஒரு படகும் போகல்லியா?"

"இல்ல. தினமும் ஒருத்தர விட்டுட்டுப் போச்சு. இன்னைக்கு அவருக்காக நிக்குது" என்றேன்.

நாளைக்கு எல்லாப் படகும் போய்விடும் அண்ணே. இந்த ஒரு தடவை நீங்கள் முந்திப் போங்கள்.