நல்ல விஷமம்

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, காலையில் என்னை வேனில் ஏற்றி அனுப்புவதற்குள் அம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். கோழிக்கூட்டைச் சாத்தினேனா என்று எனக்குச் சந்தேகம் வரும். நாய் புகுந்து அத்தனையையும் கடித்துப் போட்டுவிடும் என்று தோன்றும். பார்க்க ஓடுவேன். தென்னந்தோப்பில் சொட்டுநீர்க் குழாய் எங்கேயாவது ஓட்டை விழுந்து பீய்ச்சிக்கொண்டிருக்கும். விரலால் அடைத்துப் பார்ப்பேன், அடுத்த ஓட்டையைத் தேடுவேன். திரும்பி வந்து வேனில் கால் வைக்கும்போதுதான், கூட்டைப் பார்க்கவே இல்லை என்று உறைக்கும். மறுபடி ஓட்டம். வேன்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார்.

"மூணு தடவ போயிட்டு வந்தியேடி, சாத்தீருக்குதா இல்லியா?" என்பாள் அம்மா. எனக்குத் தெரியாது. போனது மட்டும்தான் தெரியும். கவனம் நிலைக்காதது ஒன்று, பதற்றம் ஒன்று என்று ஒரு டாக்டர் இரண்டுக்கும் பெயர் எழுதித் தந்தது நான் கல்லூரிக்குப் போன பிறகு. அதுவரை யாருக்கும் விளக்கத் தெரியவில்லை; நினைத்தால் இன்றும் எரிச்சலாக வருகிறது.

அந்த வருடம் வகுப்பு டீச்சர் பெற்றோரை அழைத்தபோது வீட்டில் நெல் அறுவடை. உடுமலையிலிருந்து வந்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, தான் போவதாகக் கிளம்பினார். எல்லையோரத்து எங்கள் பள்ளியில் டீச்சர்கள் பேசுவது மலையாளம்; அது தனக்குத் தண்ணி பட்ட பாடு என்று அவருக்கு நினைப்பு. டீச்சர் சொன்னது இவ்வளவுதான்: "குட்டிக்கு நல்ல விஷமமுண்டு. அம்மயோடு ஒந்நு வரான் பறயணம்." பிள்ளை மனசுக்குள் ரொம்பக் கஷ்டப்படுகிறாள், அம்மாவை வரச் சொல்லுங்கள் என்று அர்த்தம். மாதம் ஒருமுறை பள்ளிக்கு வரும் மனநல டாக்டரிடம் காட்ட வேண்டிய பிள்ளைகள் என்று தன் நோட்டில் போட்டிருந்த பட்டியலில் என் பெயரை டீச்சர் எழுதி வைத்திருந்தாராம். அம்மாவின் சம்மதம்தான் பாக்கி. பல வருடம் கழித்து அவரே சொன்னது இது.

மாமா வீட்டுக்கு வந்து அதைத் தமிழாக்கினார். "அக்கா, உன்ற புள்ள பள்ளிக்கோடத்துல நல்லா விஷமம் பண்றாளாமா. உன்னைய வரச் சொன்னாங்க."

"என்னடி பண்ணித் தொலைச்சே?" என்று அம்மா கேட்டாள். யோசித்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஆனால் குடையையும் சோற்று டப்பாவையும் வாரத்துக்கு ஒருமுறை தொலைக்கிற எனக்கு, செய்த சேட்டை மட்டும் எப்படி நினைவிருக்கும்? செய்திருப்பேன், மறந்திருப்பேன். "தெரியாம பண்ணிட்டேம்மா" என்று அழுதேன். மாமாவுக்கு வாயெல்லாம் பல்.

"அங்க வந்து நின்னு பேச்சு வாங்க என்னால ஆகாது. இனிமே விஷமம் பண்ண மாட்டேன்னு நீயே போயிச் சொல்லிப்போடு" என்றாள் அம்மா.

அந்தச் சொல் மறந்துவிடக் கூடாதே என்று வேனில் வழி முழுக்க அதையே முணுமுணுத்துக்கொண்டு போனேன். அன்றைக்குப் பார்த்து மறக்கவில்லை. டீச்சரின் மேசை முன்னால் நின்று, "டீச்சர், எனிக்கு இனி விஷமம் உண்டாவில்லா" என்று ஒப்பித்தேன். இனி எனக்கு மனக்கஷ்டம் இருக்காது என்றுதான் அவர் காதில் விழுந்திருக்கும்.

"அம்மயோடு எல்லாம் பறஞ்ஞோ?" என்று கேட்டார். அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேனா என்றால், சொல்லிவிட்டேன்தானே. தலையாட்டினேன்.

டீச்சரின் முகம் தெளிந்தது. என் கன்னத்தைத் தட்டிவிட்டு, மேசையிலிருந்த நோட்டைத் திறந்து என் பெயரை ஒரு கோடு போட்டு அடித்தார். மன்னித்துவிட்டார் என்று நினைத்து, துள்ளிக்கொண்டு என் இடத்துக்கு ஓடினேன்.