சிமெண்ட் போதாத மூலை

பொம்பிலியோ வீட்டு முற்றத்துக்குத் தளம் போட்ட கொத்தனார் ஒரோன்சோ, அத்திமரத்தடியில் ஒரு தொட்டில் அளவு மண்ணை மட்டும் பூசாமல் விட்டுவிட்டார். கேட்டதற்கு, "சிமெண்ட் பத்தல தம்பி" என்றார். அரை மூட்டை சிமெண்ட் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

அது ஓர் உபகாரம் என்று பொம்பிலியோவுக்கு விளங்கப் பனிக்காலம் முழுவதும் பிடித்தது. "அந்த வருசம் தூங்கினது ஆமை மட்டுமில்ல, நானுந்தான்" என்று பிற்பாடு கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஊரில் பாதி வீட்டுத் தரை ஒரோன்சோவின் கைவேலை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் வடக்கே வாழ்க்கைப்பட்டிருந்தாள். பேச்சு குறைவு. ஞாயிறு பூசையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பிரசங்கம் முடியும்வரை கோயில் தரையில் எங்கே பள்ளம் என்று ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான் அவர் செய்த பராக்கு.

பொம்பிலியோ நூலும் பொத்தானும் விற்கிறவர். மனைவி தொனாத்தா காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்து எழுந்தால் சூசையப்பர் திருநாளுக்குப் பந்தி வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டார். அவள் எழுந்தாள். பந்தி வைக்க முற்றம் நன்றாயிருக்க வேண்டாமா? கல்லறைத் திருநாள் கழிந்த வாரம் தொனாத்தா தங்கையின் பிரசவத்துக்குப் போனாள். அவள் வருமுன் தளம் போட்டு அசத்திவிடலாம் என்று பொம்பிலியோ ஆள் வைத்தார். கழுத்தில் டை கட்டிக்கொண்டு, ஒரோன்சோவின் ரசமட்டத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "ம், சரியாத்தான் இருக்கு" என்று மேற்பார்வையும் செய்தார்.

தொனாத்தா திரும்பி வந்ததும் தளத்தைப் பார்த்தாள். முதல் கேள்வி, "ஏங்க, பிலோமினாவை எங்க வச்சீங்க?"

பிலோமினா ஆமை. கட்டிலோடும் அலமாரியோடும் தொனாத்தாவின் தாய்வீட்டுச் சீதனமாக வந்தது. வீட்டில் அதுதான் மூத்தது. ஒவ்வொரு வருசமும் கல்லறைத் திருநாள் வாக்கில், பனிக்காலம் முழுக்கத் தூங்கக் கிணற்றடியில் குழி பறித்து உள்ளே போகும். சூசையப்பர் திருநாளுக்கு முன்பின்னாக எழுந்து வரும். அந்தக் கிணற்றடி இப்போது நாலு விரல் கனத்துச் சிமெண்டுக்கு அடியில் இருந்தது.

பொம்பிலியோவுக்கு அப்போதுதான் ஆமையின் நினைவே வந்தது. "கடைப் பின்கட்டுல, பெட்டியில வைக்கோல் போட்டு வச்சிருக்கேன். எழுப்பாத, தூங்கட்டும்."

"இதுக்காச்சும் உங்களுக்கு மூளை வேலை செஞ்சுதே" என்று தொனாத்தா மெச்சினாள். அந்த மெச்சல் அவருக்கு முள்ளாய்க் குத்தியது.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. உடைக்கலாம் என்றால் கடப்பாரை அதன் முதுகிலேயே விழுந்தால்? உடைக்காவிட்டால்? அவள் இல்லாத நேரம் பார்த்துக் கிணற்றடியில் மண்டிபோட்டு, தரையில் காதை வைத்துக் கேட்பார். ஒருநாள் திருப்புளியால் குடைந்து ஒரு சின்ன ஓட்டை போட்டார். "என்னங்க பண்றீங்க?" என்றாள் தொனாத்தா, திடீரென்று வந்து. "பூமிக்கும் மூச்சு வேணுமில்ல" என்றார்.

தவக்காலம் பிறந்தது. மதிலுக்கு மேலிருந்து பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, பொம்பிலியோ நெற்றி தரையில் படச் செபிக்கிறார் என்று ஊரெல்லாம் சொன்னாள். பங்குச்சாமி பிரசங்கத்திலேயே அதை உதாரணம் காட்டினார். பொம்பிலியோ தலையைக் குனிந்துகொண்டார்; தாழ்ச்சியைப் பார் என்று அதற்கும் ஒரு புகழ்.

தாங்க முடியாமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். "சாமி, பிலோமினாவை உயிரோட சிமெண்டுல வச்சுப் பூசிட்டேன்."

தட்டிக்கு அந்தப் பக்கம் மூச்சே இல்லை. "யாருப்பா அது?"

"எங்க ஆமை சாமி."

சாமி மூச்சு விட்டார். "போய் வீட்டம்மாகிட்ட உண்மையைச் சொல்லு."

சொல்லத்தான் வாய் வரவில்லை. தன்மேல் வந்த கோபத்தையெல்லாம் ஒரோன்சோ மேல் காட்டினார். "பாதிக் கன்னத்துக்குச் சவரம் பண்ணின மாதிரி முற்றத்தை விட்டுட்டாரு" என்று தெருவில் ஏசினார். பந்தியில் யாராவது ஒருவர் சூசையப்பராகத் தலைமை இடத்தில் உட்காருவது வழக்கம். அதற்கு ஒரோன்சோவைத்தான் முதலில் அழைத்திருந்தார். அந்த இடத்தை நாவிதர் நுன்சியோவுக்கு மாற்றிக் கொடுத்தார். ஒரோன்சோ, "சரி தம்பி" என்றதோடு சரி.

திருநாள் வந்தது. முற்றத்தில் நீளமேசை போட்டு, வளைய ரொட்டி, கொண்டைக்கடலை, பொரித்த மீன், பெருஞ்சீரகத் தண்டு, ஆரஞ்சு என்று நிரப்பியிருந்தார்கள். அங்கே ஒரு முறை உண்டு. சூசையப்பராக இருக்கிறவர் முள்கரண்டியால் தட்டைத் தட்டினால் எல்லாரும் அந்த நொடியே மெல்லுவதை நிறுத்த வேண்டும். அடுத்த பதார்த்தம் வரும்வரை வாய் அசையக் கூடாது.

"பந்தி முடிஞ்சதும் பிலோமினாவைக் கொண்டாங்க. அவளும் பார்க்கட்டும்" என்றாள் தொனாத்தா. பொம்பிலியோ ரொட்டிக் கூடையோடு அந்தப் பக்கம் நழுவினார்.

நுன்சியோ தட்டைத் தட்டினார். கப்பென்று அமைதி. அந்த அமைதியில் யாரோ நறுக் நறுக்கென்று மென்றுகொண்டிருந்தார்கள்.

"எவன்யா அது, சூசையப்பரை மதிக்காதவன்?" என்றார் நுன்சியோ, பல்லைக் கடித்தபடி.

எல்லாரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள். தொனாத்தா மேசை விரிப்பைத் தூக்கினாள். தலையில் மண்ணோடு பிலோமினா, கீழே விழுந்த பெருஞ்சீரகத் தண்டைத் தின்றுகொண்டிருந்தது. அத்திமரத்தடி மண் உடைந்து குழியாய்க் கிடந்தது.

"ஏங்க, பெட்டியில இல்ல இருந்தா?"

பொம்பிலியோ அத்தனை பேர் முன்னாலும் உள்ளதைச் சொன்னார். சொல்லும்போது கண்ணீர் வந்தது. கேட்டவர்களுக்கு வேறு விதக் கண்ணீர் வந்தது. "தரையில விழுந்து செபிச்சதெல்லாம் இதுக்குத்தானா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. தொனாத்தா மட்டும் சிரிக்கவில்லை. "ஓடுங்க. முதல்ல அந்த மனுசனைக் கூட்டிட்டு வாங்க."

ஒரோன்சோ தன் வீட்டில் காய்ந்த ரொட்டிக்கு வெங்காயம் கடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன. நான் கலவை போட்டுக்கிட்டிருந்தேன், அவ குழி பறிச்சுக்கிட்டிருந்தா. கிணத்தடியில ஒரே செருப்புச் சத்தம், அதான் இந்த வருசம் மரத்தடிக்குப் போயிட்டா."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உங்க ஆமை, உங்களுக்குத் தெரியாதான்னு நெனச்சேன். அதுவுமில்லாம நீங்க டை கட்டியிருந்தீங்க. டை கட்டினவன்கிட்ட யாரு வாயைக் கொடுக்கிறது?"

பொம்பிலியோ அவர் கையைப் பிடித்து இழுத்துவந்தார். நுன்சியோ எழுந்து முள்கரண்டியை நீட்டினார். ஒரோன்சோ அதை வாங்கவில்லை. மேசைக் கடைசியில் உட்கார்ந்து, தன் தண்டில் பாதியைக் குனிந்து பிலோமினாவுக்குக் கொடுத்தார். அடுத்த வருசத்திலிருந்து சூசையப்பர் அவர்தான். அந்த மூலையை யாரும் பூசவில்லை. பிலோமினாவும் கிணற்றடியை மறந்து அங்கேதான் போயிற்று.

சில வருசம் கழித்து ஒரு தை மாதக் குளிரில் ஒரோன்சோ படுத்துவிட்டார். பங்குச்சாமி வந்து, சாவுக்கு முன் தரும் அவஸ்தைப் பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். பொம்பிலியோ கட்டிலருகே உட்கார்ந்து அவர் கையைத் தடவினார். விரல் இடுக்கில் இன்னும் சிமெண்ட் வெள்ளை போகவில்லை. எழும்பப் போனபோது ஒரோன்சோ கையை விடவில்லை.

"தம்பி, என்னைக் கல்லறைக்குள்ள வச்சுப் பூசுவாங்க. நீங்க பக்கத்துல நின்னு, ஒரு மூலைக்கு மட்டும் சிமெண்ட் பத்தலன்னு சொல்லிடுங்க. நானும் எந்திரிச்சு வரணுமில்ல."