கண்டிச்சீமையில் ஒரு கரிச்சான்

இலங்கையின் இந்தக் கண்டிச்சீமையில் குருவிகள் தனித்தனியே வருவதில்லை, அன்பர்களே. காலையில் தேயிலைக்கு மேலே இருக்கும் காட்டைப் பார்த்து நின்றால் ஒரு சிறகுகூட அசையாது. திடீரென்று கல்யாண வீட்டுக்கு வருவதுபோல எல்லாம் சேர்ந்து வந்து இறங்கும். தவிட்டுக்குருவிகள் கீழே சருகைப் புரட்டும், மரங்கொத்தி பட்டையைத் தட்டும், பெயர் தெரியாத மஞ்சளும் சிவப்பும் கிளைக்குக் கிளை தாவும். எல்லாவற்றுக்கும் மேலே, வால் பிளந்த கருங்குருவியான ஒரு கரிச்சான். கொஞ்ச நேரத்தில் மொத்தக் கூட்டமும் அடுத்த சரிவுக்குப் போய்விடும். வந்த புதிதில் எனக்கு இது பெரிய விசித்திரம். ஆழ்வார்திருநகரிப் பக்கம் எங்கள் வயலில் கரிச்சான் நாள் முழுக்க எருமை முதுகில் சவாரி செய்யும். அது கூடு கட்டிய மரத்தடியில்தான் கோழியைக் குஞ்சுகளோடு மேய விடுவோம். பருந்து அந்தப் பக்கம் தலை காட்டாது. இங்குள்ளதற்கு நெற்றியில் ஒரு கொண்டை கூடுதல். மற்றபடி குணம் அதே குணம்தான் என்று நான்பாட்டுக்கு நம்பிவிட்டேன்.

ஆனால் இது திருடவும் செய்தது. நான் கணக்கப்பிள்ளையாக இருக்கும் தோட்டத்தின் துரைக்குச் சின்னக் குருவிகள் என்றால் உயிர். ஒருநாள் பங்களா வாசலில், வல்லூறு வந்துவிட்டதுபோல் கரிச்சான் அலறியது. தவிட்டுக்குருவிகள் புழுவைப் போட்டுவிட்டுப் புதரில் ஒளிந்தன. இது நிதானமாக இறங்கி அந்தப் புழுவை விழுங்கியது. துரை துப்பாக்கியைக் கொண்டுவரச் சொன்னார்.

"சுடாதீங்க துரை, அது காவல்காரன். எங்க ஊர்ல யாரும் அதைத் தொட மாட்டாங்க" என்றேன்.

"ஓ, உன் சாமியா?" என்றார்.

பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்த மூன்றாம் தலைமுறை வேதக்காரனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது! எனக்குச் சுருக்கென்று வந்தது. நாளைக் காலை என்னோடு நின்று பாருங்கள், அது காவல் காப்பதைக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். "காட்டாவிட்டால் குருவிக்குக் குண்டு, உனக்கு ஊருக்குக் கப்பல்" என்றார் துரை. சிரிக்கவில்லை.

வீட்டில் சொன்னதும் என் மனைவி எஸ்தர் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு குருவிக்காண்டி யாராவது வேலையப் பணயம் வைப்பாவளா? வல்லூறு என்ன, நீங்க கூப்பிட்டா வந்து நிக்குமாக்கும்?"

அதுதான் என் பயமும்.

மறுநாள் கூட்டம் வந்தது. கரிச்சான் அலறியது, குருவிகள் ஒளிந்தன, அது புழுவைத் தட்டிக்கொண்டு போனது. "கள்ளன்!" என்று துரை துப்பாக்கியைத் தூக்கினார். அதற்குள் அது மறுபடி அலறியது. இப்போதுதான் ஏமாந்த குருவிகள், இந்தத் தடவையும் யோசிக்காமல் புதருக்குள் பாய்ந்தன. அடுத்த நொடி மலைமுகட்டிலிருந்து வல்லூறு வந்து விழுந்தது. அதன் நகத்தில் வெறும் சருகுதான் அகப்பட்டது. கரிச்சான் விட்டதா? தன்னைவிடப் பெரியவனின் முதுகில் ஏறிக் கொத்து கொத்தென்று கொத்தியது. "விடாதலே! கொத்துலே அவன! இன்னும் கொத்துலே!" என்று துரை நிற்பதையும் மறந்து கத்தினேன். பள்ளத்துக்கு அப்பால் துரத்திவிட்டுத்தான் அது திரும்பியது.

துரை துப்பாக்கியைத் தாழ்த்தினார். "அதற்குத் தமிழ் தெரியுமா?" என்று கேட்டார்.

"திருநெல்வேலித் தமிழ் நல்லாவே தெரியும், துரை."

இனி யாரும் கரிச்சானைச் சுடக்கூடாது என்று அன்றே உத்தரவாயிற்று. அது திருடன்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது சொல்லும் அந்த ஒரு மெய்க்காக, பொய்களையும் பொறுத்துக்கொண்டு மற்றவை அதோடு மேய்கின்றன. மதுரைக்காரரும் மலையாளத்தாரும் சிங்களவரும் நாங்களும் இந்தத் தோட்டத்தில் கூடிப் பிழைப்பதும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஜெயித்த மிதப்பில் வீட்டுக்குள் நுழைந்தேன். "வேலை தப்பிச்சிட்டு எஸ்தர்! ஸ்தோத்திரம் சொல்லு!"

எஸ்தர் சிரித்தாள், ஸ்தோத்திரமும் சொன்னாள். அவளுக்குப் பின்னால் தகரப்பெட்டி இருந்தது. துணிமணியெல்லாம் அடுக்கி, மேலே கயிறும் கட்டியிருந்தாள்.

"அப்போ இந்த வருசமும் ஊருக்கு இல்லியா?" என்றாள்.

கயிற்றை அவிழ்க்க இருவருமாக உட்கார்ந்தோம். முடிச்சில் அவளும் கைவைக்கவில்லை, நானும் கைவைக்கவில்லை.