குருவியின் நிறம்

என் மாமனார் இளம் வயதில் இரண்டு வருடம் அமெரிக்காவில் வேலை பார்த்தார். திரும்பும்போது அங்கே வாங்கிய வீட்டுக் கம்ப்யூட்டரையும் கொண்டுவந்தார். கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் அடங்கியது. திரைக்கு மட்டும் டிவி வேண்டும். வேலூர் வீட்டுப் பரணில் கிடந்த அதை என் கணவர் போன தீபாவளிக்கு எடுத்துவந்தார். பெங்களூரு எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் அலைந்து அதன் கரண்டுக்கு ஏற்ற டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, ஒரு சனிக்கிழமை எங்கள் எலெக்ட்ரானிக் சிட்டி ஃபிளாட்டின் டிவியோடு இணைத்தார்.

நான் அப்போது உள்ளறையில் ஆபீஸ் காலில் இருந்தேன். ஹாலில் ஐந்து வயது மகள் அதிலிருந்த குருவி விளையாட்டை விளையாடுவது கேட்டது. போன் ஸ்பீக்கரில், வேலூரிலிருந்து அவளுடைய தாத்தா.

"கண்ணு, குருவி வந்துச்சா? என்ன கலர்ல இருக்கு?"

"சாம்பல் கலர், தாத்தா."

"சாம்பலா? அது மஞ்சக் குருவிடா. பழம் செக்கச்செவேல்னு இருக்கும் பாரு."

"பழமும் சாம்பல்."

"சரியாப் போச்சு. பேத்திக்கு இப்பவே கண்ணாடி வாங்கிடணும்" என்று அவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தாய்மாமாவுக்கு நிறக்குருடு. ரயில்வே வேலைக்குத் தேர்வாகி, கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பப்பட்டவர். என் கல்யாணப் பேச்சின்போது எங்கள் வீட்டில் அதை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லையே என்று அம்மா சமாதானம் சொன்னாள்.

கால் முடிந்து நான் வெளியே வருவதற்குள் டிவியை அணைத்திருந்தார்கள். படம் எப்படி வந்தது என்று கணவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் கேட்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டியிருக்குமோ என்று பயந்தேன்.

அந்த வாரம் அவர் வீட்டில் இல்லாத நேரமெல்லாம் மகளைச் சோதித்தேன். கிரேயான்களின் நிறத்தைச் சரியாகச் சொன்னாள். டப்பாவில் எது எங்கே இருக்கும் என்பது அவளுக்கு மனப்பாடமாக இருக்கும் என்று தோன்றியது. கலைத்துப் போட்டுக் கேட்டேன். அப்புறம் துணி கிளிப்புகள், பருப்பு வகைகள், குடைமிளகாய். பெண்பிள்ளைகளுக்கு இந்தக் குறை வருவது மிக அரிது என்று படித்தேன். மறுபடி மறுபடி படித்தேன், நம்பவில்லை.

வியாழக்கிழமை அவள், டேகேரில் பழகிய கன்னடத்தில், "பேடா அம்மா", வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டாள். நான் விடவில்லை. தக்காளியை நீட்டினேன்.

"சாம்பல்."

பச்சை மிளகாயை நீட்டினேன்.

"சாம்பல்."

அவள் வாயோரத்தில் சிரிப்பு இருந்தது. விளையாடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் அறைந்தேன்.

சனிக்கிழமை கணவர் கடைக்குப் போனதும் கம்ப்யூட்டரை நானே போட்டு, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவள் கண்களை மட்டுமே பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"குருவி என்ன கலர்?"

"மஞ்சள்" என்றாள் உடனே. "பழம் சிவப்பு."

நிம்மதியில் எனக்குக் கண் கலங்கியது. அதற்குப் பிறகுதான் திரையைப் பார்த்தேன். குருவி சாம்பலாக இருந்தது. பழமும் சாம்பல்.

செட்டாப் பாக்ஸ் சோதிப்பதுதான் என் வேலை. அமெரிக்க முறையில் வரும் படத்தை நம் ஊர் முறைக்கு மட்டும் வைத்திருக்கும் டிவியில் கொடுத்தால் உருவம் தெரியும், நிறம் வராது. டீமில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதை நான்தான் சொல்லித்தருகிறேன். மெனுவுக்குள் போய்க் கலர் சிஸ்டத்தை என்டிஎஸ்சி என்ற அமெரிக்க முறைக்கு மாற்ற அரை நிமிடம்கூட ஆகவில்லை. குருவி மஞ்சளானது. லேசாகப் பச்சை கலந்த மஞ்சள்.

கணவர் பையோடு உள்ளே வந்தவர் நின்றுவிட்டார். "அட, கலர் வருதே. பழசுதானே, கறுப்பு வெள்ளைதான் வரும்னு நினைச்சேன். என்ன பண்ணினே?"

"செட்டிங் மாத்தினேன்" என்றேன். இன்றுவரை அவரிடம் சொன்னது அவ்வளவுதான்.

அப்பாவுக்குப் போன் போட அவர் பால்கனிக்குப் போனார். மகள் என்னிடம் நகர்ந்து வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, இப்ப என்ன கலர்னு சொல்லணும்?"

"உனக்கு எப்படித் தெரியுதோ அப்படிச் சொல்லு."

அவள் திரைப் பக்கம் திரும்பவே இல்லை. என் முகத்தைப் பார்த்தபடி, "மஞ்சள்தானே?" என்றாள்.