சுபுஹான் கண்டுபிடித்த ஐஸ் மெஷின்

1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம், கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் சுபுஹானின் கடிகாரக் கடைக்கு ஒருவரும் வரவில்லை. வழியெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். மற்ற நாட்களிலும் கூட்டம் அள்ளாது என்பதால், மறியலின் மேல் பழி போட அவனுக்கு வசதியாக இருந்தது.

அவனுடைய ஒரே பெருமை, மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கழுவும் மெஷின். சின்னத் தொட்டிதான். காதுக்கு எட்டாத ஒலியால் தண்ணீரை அதிரவைத்துச் சக்கரங்களின் அழுக்கைக் கிளப்பிவிடும். கழுவக் கடிகாரம் இல்லாமல் அன்று சாவிக்கொத்தைக் கழுவிக்கொண்டிருந்தான்.

பக்கத்து சோடாக்கடை மாயவன், சில நாளாகத் திறக்காத குளிர்பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலோடு வந்தான். உள்ளே வடிகட்டிய தண்ணீர், தெளிவாக இருந்தது.

"பாட்டிலு ஒரே பிசுபிசுப்பு. இதையும் கழுவேன் பாய்."

தொட்டியில் வைத்துச் சுவிட்சைப் போட்டதும் பாட்டிலுக்குள் வெள்ளை இழைகள் ஓடின. கண்மூடித் திறப்பதற்குள் தண்ணீர் முழுக்கக் கூழாக உறைந்துவிட்டது.

"இன்னா பாய் பண்ண?"

"ஐஸ் பண்ணேன்" என்றான் சுபுஹான், நினைத்துச் செய்தவன் போல.

வீட்டுக்குப் போய் மனைவி ஷாஜாதியிடம் ஐஸ் ஃபேக்டரி வைக்கப்போவதாகச் சொன்னான். "மொதல்ல நம்ம வூட்டுக் கடிகாரத்த ஓட வைங்க" என்றாள்.

மறுநாள், ஊரில் மாட்டிக்கொண்ட பஸ் பயணிகளிடம் முந்தின நாள் ஐஸைப் பற்றிச் சொல்லி, அவர்களைக் கடை முன்னால் கூட்டினான். குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து மெஷினில் வைத்தான். வெகுநேரம் ஓடியது. ஒருவர் விரலை விட்டுப் பார்த்தார்.

"பாய், குளிக்கப் பதமா கீது!"

தெருவே சிரித்தது. பயணிகளில் ஒருவரான மணலூர்பேட்டை ஜெயம்மாள் டீச்சர் மட்டும், "நேத்து பாட்டில் எங்க இருந்துச்சுங்க?" என்று கேட்டார். மாயவனின் குளிர்பெட்டியிலிருந்து இன்னொன்றை ஆடாமல் எடுத்துவரச் சொன்னார். ஓடிக்கொண்டிருந்த தொட்டியில் இறங்கியதும் அது உறைந்தது.

"சுத்தமான தண்ணி, அசைக்காம வச்சா, உறையற குளிருக்குக் கீழ போயும் தண்ணியாவே நிக்கும். உங்க மெஷினோட ஒலி உள்ள குட்டிக் குமிழிங்கள உண்டாக்கி ஒடைக்குது. அந்த அதிர்ச்சியில மொத ஐஸ் துளி பொறக்குது, மத்தது அதப் புடிச்சிக்கினு உறையுது."

"அப்ப குளுரு?"

"அது மாயவனோட பொட்டி குடுத்ததுங்க. உங்க மெஷின் சூடுதான் பண்ணும்."

சுபுஹானுக்கு முதலில் காது சிவந்தது. பிறகு அவனே எல்லாரையும் விட உரக்கச் சிரித்தான். "விஞ்ஞானியாவலாம்னு பாத்தேன், வெந்நிக் கடக்காரனா ஆய்ட்டேன்!"

சாலை திறந்ததும் பயணிகள் அந்தக் கதையைத் தத்தம் ஊருக்கு ஏற்றிச் சென்றார்கள். அடுத்த மாதம் வடக்கனந்தலிலிருந்து ஒரு கடிகாரப் பொட்டலம் பஸ்ஸில் வந்தது. மேலே 'வெந்நீர் பாய், கள்ளக்குறிச்சி' என்று மட்டும் எழுதியிருந்தது. கண்டக்டர் யாரையும் விசாரிக்காமல் நேரே கடையில் கொண்டுவந்து கொடுத்தார்.