இருநூறு அடி

முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை ‘இருநூறு’ என்றுதான் சொன்னார்கள். அது அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டார்.

மேகம் அளப்பது அவர் வேலை. சிரிக்காதீர்கள், அப்படியும் ஒரு வேலை இருக்கிறது. நாலைந்து சின்ன விமானங்கள் மட்டும் வந்துபோகிற நிலையம் அது. ஓர் ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, மாடியில் அவருடைய அறை, அவ்வளவுதான். காலை ஆறு மணிக்கு மொட்டைமாடி ஏறுவார். சிவப்பு பலூனில் வாயு நிரப்பி, வாயைக் கட்டி, விட்ட கையோடு ஸ்டாப் வாட்சை அமுக்குவார். பலூன் நிமிடத்துக்கு ஐந்நூறு அடி ஏறும். மேகத்துக்குள் மறைந்ததும் மறுபடி ஓர் அமுக்கு. இரண்டு நிமிடம் ஆகியிருந்தால் மேகம் ஆயிரம் அடியில் நிற்கிறது என்று கணக்கு. கீழே வந்து ரெஜிஸ்டரில் எழுதுவார். பைலட்டுகள் புறப்படும் முன் மேஜைக்கு வந்து கேட்டுக்கொண்டு போவார்கள்.

வடக்கே மலை, அதன் நடுவே ஒரு கணவாய். மேகம் ஆயிரம் அடிக்குக் கீழே இருந்தால் அந்த வழியே போகக் கூடாது. போவதா வேண்டாமா என்ற முடிவு பைலட்டுடையது. இவர் சொல்வதோடு சரி.

ஆனால் இவர் ஆயிரம் அளந்தால் எண்ணூறு என்றுதான் எழுதுவார். ஆயிரத்து ஐந்நூறு என்றால் ஆயிரத்து முந்நூறு. பதினேழு வருஷமாக ஒரு நாள் தவறாமல் இருநூறு அடியை விழுங்கினார்.

காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாலாம் வருஷம் ஆயிரம் என்று அளந்து, ஆயிரம் என்றே எழுதினார். பறக்கப் பழகிக்கொண்டிருந்த ஓர் இளைஞன் அதை நம்பிக் கிளம்பினான். கால் மணி நேரத்தில் மேகம் கீழே இறங்கிவிட்டது. அவனைப் போர்வையில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். விசாரிக்க வந்தவர் ரெஜிஸ்டரைப் புரட்டிவிட்டு இவர் முதுகில் தட்டினார். “உங்க அளவு சரிதான். கவலைப்படாதீங்க” என்றார். அன்றிரவு இவர் வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை. மறுநாளிலிருந்து இருநூறு குறைத்தார். யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம் தவிர.

பைலட்டுகள் ஆறே மாதத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். தினமும் மேகத்தை உரசிக்கொண்டு பறக்கிறவர்களுக்கு இது தெரியாதா? இவர் குறைத்த இருநூறை அவர்கள் மனசுக்குள் கூட்டிக்கொண்டார்கள். இவர் எண்ணூறு என்றால் அவர்களுக்கு ஆயிரம். இவர் முன்னால் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை, தபாலைத் தவிர.

‘தபால்’ என்பது மலைக்கு அந்தப் பக்கம் தபாலும் மருந்துப் பெட்டியும் கொண்டுபோகிற பைலட். வாய் சும்மா இருக்காது. சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டு வைத்திருப்பான். இவர் சொல்வதை அதில் குறித்துக்கொண்டே கேட்பான்: “அண்ணே, இது தள்ளுபடி போகவா, தள்ளுபடி இல்லாமலா?”

“எழுதினதப் படிடா. கண்ணு அவிஞ்சு போச்சா?”

மெக்கானிக் டீ டம்ளரோடு ஓரமாக நின்று சிரிப்பான். தினமும் இதே கேள்வி, இதே பதில்.

அப்புறம் தலைமை அலுவலகம் மொட்டைமாடியில் ஒரு பெட்டியைப் பொருத்தியது. அதுவும் மேகத்தை அளக்கும். ஆனால் அளவு நேரே தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும், இங்கே யாருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் அளவு எப்போதும் இருநூறு அடி குறைவாக இருக்கிறது, இனி உள்ளதை உள்ளபடி எழுதவும் என்றிருந்தது.

கடிதத்தை மனைவியிடம் காட்டினார்.

“இந்தத் திங்கக்கெழமையிலேர்ந்து சரியா எழுதப் போறேன். தகர டப்பா சொல்றதத்தானே நம்புறானுங்க.”

“அது சரிங்க. பைலட்டுங்ககிட்ட சொல்லிட்டீங்களா?”

“என்னன்னு சொல்ல? இத்தனை வருஷமா பொய் சொன்னேன்னா?”

“அவங்களுக்குத் தெரியாததா அது?”

“தெரியுறது வேற. நானே என் வாயால சொல்றது வேற. மெதுவா சொல்லிக்கலாம், விடு.”

திங்களும் செவ்வாயும் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. சொல்ல அவசரம் இல்லை.

புதன்கிழமை பலூன் தொண்ணூற்றாறாவது வினாடியில் மறைந்தது. எண்ணூறு அடி. எண்ணூறு என்றே எழுதினார்.

தபால் வந்தான். “என்னண்ணே இன்னிக்கி?”

“எண்ணூறு.”

நோட்டில் குறித்தான். “தள்ளுபடி போகவா, இல்லாமலா?”

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. கேள்வியே அதுதான். ஆனால் மெக்கானிக் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். பழகிய வாய் பழகியதைச் சொல்லிவிட்டது.

“எழுதினதப் படிடா.”

தபால் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான். வண்டியைச் சுற்றிச் சரிபார்க்க அவனுக்குப் பத்து நிமிடமாவது ஆகும், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று இவர் செருப்பை மாட்டினார். அன்றைக்கென்று மெக்கானிக் எல்லாவற்றையும் முன்பே பார்த்து வைத்திருந்தான். இவர் பாதிப் படியில் இருக்கும்போதே விமானம் உறுமிக்கொண்டு ஓடியது.

திரும்ப மேலே ஓடி ரேடியோவை எடுத்தார். அதில் பேசினால் சுற்றுவட்டாரத்தில் பறக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும். வாய் வரை வந்தது.

“பாத்துப் போடா,” என்றார்.

“சரிண்ணே.”

அவ்வளவுதான். மேகம் விலகிய பிறகு, மத்தியானம்தான் கண்டுபிடித்தார்கள். கணவாய்க்கு நாற்பதடி கீழே, பாறையில் மோதிக் கிடந்தான். பாதி மருந்துப் பெட்டிகள் உடையாமலே இருந்தன.

விசாரணை அதிகாரி நாலு நாள் உட்கார்ந்தார். பெட்டியின் அளவும் எண்ணூறு, ரெஜிஸ்டரும் எண்ணூறு. பழைய பக்கங்களையும் எண்ணிப் பார்த்தார்.

“ஒரே வருஷத்துல நாப்பத்தோரு தடவ, ஆயிரத்துக்குக் கீழ நீங்க எழுதியிருந்தும் கணவாயத் தாண்டியிருக்கான். சொன்ன பேச்சே கேக்காத ஆளு. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. அளவு அச்சு அசலா சரி.”

பதினேழு வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே வார்த்தை. இந்த முறை முதுகில் தட்டவில்லை, கை கொடுத்தார்.

அடுத்த வாரம் தபாலின் மனைவி வந்தாள். தையல் கடையில் வேலை பார்ப்பவள், விரலில் ஊசி குத்திய தழும்புகள். மேஜைமேல் அந்தக் குட்டி நோட்டை வைத்தாள். மூலை நசுங்கியிருந்தது.

“ஆஸ்பத்திரியில சாமானோட குடுத்தாங்கண்ணே. ஒண்ணு கேக்கணும். பக்கத்துக்குப் பக்கம் ரெண்டு ரெண்டு நம்பரா எழுதியிருக்காரு. இது என்ன கணக்கு?”

பார்த்தார். அறுநூறு, பக்கத்தில் எண்ணூறு. ஆயிரம், பக்கத்தில் ஆயிரத்து இருநூறு. கடைசிப் பக்கத்தில் எண்ணூறு, பக்கத்தில் ஆயிரம்.

“பேப்பர்ல திமிர் புடிச்சவன்னு போட்டுட்டாங்க,” என்றாள். “அப்பா சொன்ன பேச்சக் கேக்காம போனாரான்னு எம்பொண்ணு கேக்குறா. இதக் காட்டினா இன்னும் பேர் கெட்டுடுமோன்னு பயந்து யார்கிட்டயும் காட்டல. சொல்லுங்கண்ணே, அவரு உங்க பேச்ச மீறினாரா?”

ஓய்வுக்கு இரண்டு வருஷம்தான் இருந்தது. ‘எனக்குத் தெரியாதும்மா’ என்று சொன்னால் முடிந்தது. அவள் நோட்டை எடுத்துக்கொண்டு போயிருப்பாள்.

“மீறலம்மா,” என்றார். “நான் குறைச்சுச் சொல்லுவேன், அவன் கூட்டிக்குவான். அன்னிக்கி நான் குறைக்கல. அவங்கிட்ட சொல்லவும் இல்ல.”

அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

“கேக்கவாவது செஞ்சாரா?”

“கேட்டான்.”

நோட்டை எடுக்கக் கை நீட்டினாள். பிறகு கையை இழுத்துக்கொண்டாள். “விசாரிச்சவங்ககிட்ட நீங்களே குடுங்க,” என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை.

நோட்டைப் பார்த்ததும் விசாரணை அதிகாரிக்கு எரிச்சல். “முடிஞ்ச ஃபைல ஏன் கெளர்றீங்க? இத எழுதினா பதினேழு வருஷ ரெஜிஸ்டரும் குப்பைன்னு ஆயிடும். உங்க வேலையும் போகும்.”

“எழுதுங்க சார்.”

எழுதினார். தபால் மேலிருந்த பழி அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் நீங்கியது. பேப்பர்காரர்கள் அதைப் போடவில்லை. இவருக்கு வேலையை விட்டு நீக்கம். போகும் முன் பழைய ரெஜிஸ்டர்கள் எல்லாவற்றிலும் பக்கத்துக்குப் பக்கம் ‘நம்பத்தகாதது’ என்று சிவப்பு முத்திரை குத்திக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. பதினோரு நாள் குத்தினார். மணிக்கட்டு வீங்கிப்போனது. அவருடைய நாற்காலிக்கு வரப்போகிறவர் எதிரே உட்கார்ந்து பக்கம் புரட்டிக் கொடுத்தார்.

கடைசி ரெஜிஸ்டரில் திங்கள், செவ்வாயைக் குத்தாமல் புரட்டிவிட்டு, அந்தப் புதன்கிழமை வந்ததும் இவர் முத்திரையை எடுக்க, புதியவர் தடுத்தார். “இதுக்கு வேணாம் சார். திங்கள்லேர்ந்து எழுதினது சரியான அளவுன்னு உத்தரவுலயே இருக்கு.”

“அளவு சரிதான்யா,” என்று இவர் சொல்லி, முத்திரையை மையில் அழுத்தி, அந்தப் பக்கத்திலும் குத்தினார்.